எப்பா என்றால்

போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மொனராகலை பஸ்காரர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருக்கிறார், அவித்த சோளத்தின் ஆவி டீசல் புகையோடு கலந்து மூக்கில் ஏறுகிறது, அந்த இரைச்சலுக்குள் எங்கிருந்தோ ஒரு குழந்தை கத்தியது.

"எப்பா!"

ஒரே ஒரு தடவை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது யாருடைய குழந்தை என்று தெரிந்துவிடும். தமிழ்க் குழந்தை என்றால் தகப்பனைக் கூப்பிடுகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அப்பாவைக் கூப்பிட எப்பா, அம்மாவைக் கூப்பிட எம்மா. சிங்களக் குழந்தை என்றால் வேண்டாம் என்கிறது. எழுதினால் இரண்டும் ஒன்றுதான். கூர்ந்து கேட்டால் ஒரு மயிரிழை வித்தியாசம்: நாங்கள் 'ப்பா'வில் அழுத்தி நிற்போம், அவர்கள் அதை உரசிக்கொண்டு போய்விடுவார்கள். பஸ் நிலையத்து இரைச்சலில் மயிரிழை எங்கே கேட்கிறது?

ஐம்பதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு சொல் இருக்கும். எங்கேயோ ஒரு குழந்தை அதைச் சொல்லும், உங்கள் கையிலிருக்கும் பை தானாகக் கனக்கும். என் பை அன்றைக்குக் கனத்தது. வெறும் லீக்ஸும் ரெண்டு கிலோ உருளைக்கிழங்கும்தான்.

எங்கள் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலே, பஸ் ஏறாத உயரத்தில். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர். "விளங்குதோ பிள்ளையள்?" என்பார். "வெளங்குதுங்க சார்!" என்று கத்துவோம். அவர் தமிழே எங்களுக்குப் பாதிதான் விளங்கும் என்பது வேறு கதை. ஒரு லீவுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். வாசலில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. வகுப்பு ஒழுங்காக நடந்துகொண்டிருப்பது போலத்தான் இருந்தது, அத்தனை அமைதி.

அப்பா தோட்டத்து லொறியில் கிளீனர். தேயிலைப் பெட்டிகளோடு பதுளை ரயில் நிலையம் வரை போய் வருவார். பஜாரில் ஒரு புடவைக்கடை முதலாளியை அவருக்குப் பழக்கம். முஸ்லிம் ஆள், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர்தான் சொன்னாராம்: "புள்ளைய நம்மட ஊட்டுல உடு. எண்ட மகள் போற சிங்கள ஸ்கூலுக்கே போகட்டும். சிங்களம் தெரிஞ்சாத்தான் நாளைக்கு ஆபீஸ் கதவு தொறக்கும்."

அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் மூன்றே சொல். கீயத, எப்பா, ஓவ். எவ்வளவு, வேண்டாம், ஆமாம். முதல் இரண்டும் சந்தைக்கு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் வெறும் ஓவ்தான், அதுவும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. எங்களிடம், வீட்டில், அந்த மூன்றில் ஒன்றைக்கூட அவர் விளையாட்டுக்கும் சொன்னதில்லை. கழற்றி வாசலில் விட்டுவரும் செருப்பு மாதிரி.

அப்படித்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள்.

பதுளை ஒரு கிண்ணம். சுற்றிலும் மலை, அடியில் ஊர். மேலேயிருந்து பார்த்துப் பழகியவளுக்கு அடியிலிருந்து மேலே பார்க்கிறது எப்படியிருக்கும் என்று தெரியாது. கழுத்து வலிக்கும். கொழும்பிலிருந்து வருகிற ரயில் பாதையும் அங்கேதான் முடிகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. ஒரு தடுப்புக்கட்டை, பின்னால் புல். ரயிலே நின்றுபோகிற இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

எனக்குக் கொடுத்த இடம் கடைக்குப் பின்னால் துணி அடுக்குகிற அறை. ஜன்னல் உண்டு, ஆனால் அதை மறைத்துச் சீத்தைத் துணிக் கட்டுகள். புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்குக்குள் மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். நான் அம்மாவின் பழைய கம்பளியில் பாதியைக் கொண்டுவந்திருந்தேன். கொழுந்து பறிக்கும்போது மழைக்குத் தலையில் போட்டு முதுகில் விரித்துக்கொள்கிற கறுப்புக் கம்பளி. அதில் விறகுப் புகை, பச்சைக் கொழுந்து, அம்மாவின் வியர்வை, எல்லாம் இருந்தது. முகத்தைப் புதைத்தால் லயம். தலையைத் தூக்கினால் கஞ்சி.

முதலாளியின் மனைவி நல்ல மனுஷி. ரொம்ப நல்ல மனுஷி. மூன்றாம் நாளே அதைச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் விரித்துவிட்டார்.

"பாரு மகள், எவ்வளவு அழுக்கு! இப்ப வாசமா ஈக்குது, மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். சோப்பு. அங்கே அம்மா இல்லை. நான் அழ, அவருக்குச் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தோன்றியிருக்க வேண்டும், தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கம்பளி பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. வாசம் போனதும் நானும் தேடவில்லை.

முதலாளியின் மகள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். இரட்டைப் பின்னல், ஓயாத வாய். வந்த அன்றே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"என்னய பேர் செல்லிக் கூப்புடப் படாது. தாத்தா எண்டு கூப்புடு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மீசை இல்லை. "தாத்தாவா?"

"ஓ. மூத்த பொம்புளப் புள்ளைக்கு நாங்க தாத்தா எண்டுதான் செல்ற. நீங்க என்ன செல்ற?"

"அக்கான்னு சொல்வோம். தாத்தான்னா கெழவருல்ல!"

அவள் சிரித்துச் சிரித்துத் துணிக்கட்டின் மேல் விழுந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாத்தா, நிஜத் தாத்தா, போன மாரியில்தான் செத்திருந்தார். அவரைப் புதைத்த மேட்டில் தேயிலைக் கன்று வைத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் முழுக்க எல்லோரும் தகப்பனைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் ஓடினால் டீச்சர் "துவன்ன எப்பா!" என்பார். பேசினால் "கதா கரன்ன எப்பா!" ஒருத்தன் மேசைமேல் ஏறினான், அதற்கும் எப்பா. இத்தனை பேரும் கூப்பிடுகிறார்கள், ஒரு அப்பாவாவது வருகிறாரா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பச்சைப் பெயின்ட் உரிந்த இரும்புக் கேட். அதற்கு அந்தப் பக்கம் பாதை. பாதையில் யாரோ ஒருத்தர் ஆட்டை இழுத்துக்கொண்டு போனார்.

டீச்சரும் நல்லவர்தான். கண்டிச் சேலைக்கட்டு, இடுப்பில் கைக்குட்டை, கையில் சுண்ணாம்புத் தூள். இரண்டாம் நாள் என் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, பூனைக்குட்டியிடம் பேசுகிற மாதிரி, மகள் என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"துவ, கோ தாத்தா?"

கோ என்றால் எங்கே என்று எனக்கு எப்படியோ விளங்கிவிட்டது. தாத்தா எங்கே? எந்தத் தாத்தா? இரட்டைப் பின்னல் தாத்தா என்றால் மாடி வகுப்பில் இருக்கிறாள், அது டீச்சருக்கே தெரியும். அப்படியானால் மற்றத் தாத்தாவைத்தான் கேட்கிறார். இவ்வளவு தூரத்தில் இருக்கிற டீச்சருக்கு என் தாத்தாவைப் பற்றித் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. வாயில் சொல் இல்லை. விரலால் தரையைக் காட்டினேன். பிறகு கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன்.

"அனே!" என்றார் டீச்சர். கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அனே பவ்." ஐயோ, பாவம்.

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. இது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. என் உயிருள்ள தகப்பனை நான் அந்த வகுப்பறைத் தரைக்கு அடியில் அடக்கம் பண்ணியது எனக்குத் தெரியாது.

அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் எனக்குத் தீனி கொடுக்க ஆரம்பித்தார்கள். பாதி பணிஸ், சம்பல் தடவிய பாண் துண்டு, ஒரு கொய்யா. ஒருத்தி தன் ரப்பரை என் மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். புதிதாக வந்தவளை இந்த ஊரில் இப்படித்தான் கவனிப்பார்கள் போல என்று நினைத்தேன். எல்லோரும் என்னைப் பார்க்கும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்கள். அன்பாகத்தான். ஆனால் அந்த அன்புக்குள் ஒரு கதவும் இல்லை. நான் என்ன செய்தாலும் அனே பவ். கணக்குத் தப்பினால் அனே பவ். விழுந்தால் அனே பவ். வாயைத் திறந்து "எனக்கு வீட்டுக்குப் போவணும்" என்று சொன்னேன் ஒரு நாள், தமிழில். அதற்கும் அனே பவ்தான்.

உங்களுக்குத் தெரியுமா, பேசத் தெரியாத இடத்தில் நாக்கு தடித்துப்போகும். வாய்க்குள் வேறு யாருடையதோ ஒரு நாக்கு கிடக்கும். இரவில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் படுத்து அதை நானே கடித்துப் பார்ப்பேன், வலிக்கிறதா என்று.

பிறகு அந்த வியாழக்கிழமை.

பள்ளி விட்டு எல்லோரும் கேட்டை நோக்கி ஓடுகிறோம். கேட்டுக்கு வெளியே, காக்கிச் சட்டையும் மடித்துக் கட்டிய சாரமுமாக, லொறிப் புழுதியோடு, கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு, அப்பா. பொட்டலத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. அம்மாவின் ரொட்டி என்று வாசம் வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்தது.

"எப்பா!" என்று கத்தினேன். "எப்பா! எப்பா!"

டீச்சர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தகப்பனில்லாத பிள்ளை. யாரோ புழுதி படிந்த ஒரு ஆள் அதைக் கைகாட்டிக் கூப்பிடுகிறான். பிள்ளை அவனைக் கண்டதும் அலறுகிறது: வேண்டாம், வேண்டாம், வேண்டாம்!

"மே கவுத?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். யார் இது.

"ஓவ்," என்றார் அப்பா, கண்ணைத் தாழ்த்தி.

டீச்சரின் குரல் உயர்ந்தது. "பீலத இன்னே?"

"ஓவ், ஓவ்."

குடித்திருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார். என் அப்பா சுருட்டுக்கூடப் பிடிக்காதவர்.

"எப்பா கியனவா!" என்று டீச்சர் காவல்காரரிடம் சொன்னார். வேண்டாம் என்கிறாள். என்னை இழுத்துத் தன் சேலைக்குப் பின்னால் மறைத்தார். நான் திமிறினேன், இன்னும் கத்தினேன், எனக்கு வேறு சொல் எது இருந்தது? கத்தக் கத்த கேட் மூடிக்கொண்டே வந்தது. அப்பாவைக் கூப்பிடக் கூப்பிட அவர்கள் அப்பாவை அடைத்தார்கள். இரும்பு இரும்போடு சேர்ந்த சத்தம் இப்போதும் என் பல்லில் இருக்கிறது.

அப்பா பொட்டலத்தைக் கேட் தூணின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். ஆசிரியர் அறையில் எனக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தூணில் இரண்டு காகம்.

மாடி வகுப்புத் தாத்தா வந்துதான் முடிச்சை அவிழ்த்தாள். டீச்சர் அவளிடம் மூச்சுவிடாமல் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு, பொத்திய கைக்குள்ளேயே சிரிப்பு வெடித்து, திரும்பச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிரவு கடைக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. லொறி போய்விட்டது, அப்பா அங்கேயே தங்கினார். திண்ணை விளிம்பில் குந்தியிருந்தவர் தானே கதையை எடுத்தார்.

"எம்புள்ள எப்பாங்குது மொதலாளி. டீச்சரம்மாவும் எப்பாங்குறாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நா ஓவ்ங்குறேன்."

முதலாளியின் வயிறு குலுங்கியது. "அடேய், குடிச்சீக்கிறியா எண்டு கேட்டதுக்கும் ஓவ் எண்டு செல்லீக்கிறாய்! மனுஷனா நீ?"

"அவங்க கேட்ட கேள்விக்கு இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

"அதுக்கும் மேலால, உன்னய மௌத்தாக்கிட்டாள் உண்ட மகள்!"

"போன வாரமே செத்துட்டேனாங்க? யாரும் சொல்லவே இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். நானும் சிரித்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் எனக்கு அந்தச் சொல் கிடைத்தது. எப்பா என்றால் வேண்டாம். முழுதாக எனக்கு விளங்கிய முதல் சிங்களச் சொல். அப்பாவுக்கும் தெரிந்த சொல்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா, தாத்தா, நான், மூவரும் டீச்சர் முன்னால் நின்றோம். டீச்சரின் கண் வீங்கியிருந்தது. நிறையப் பேசினார். அப்பா ஓவ் சொல்வதற்குள் தாத்தா முந்திக்கொண்டாள்.

"மாமா, ஓவ் செல்லாதீங்க, பொறுங்க. மன்னிப்புக் கேக்குறாங்க. பொறகு செல்றாங்க, இந்தப் புள்ள வந்த நாளைலேந்து ஒரு தரம் சரி சிரிக்கல்லயாம். மத்த ரோட்டுல தமிழ் ஸ்கூல் ஈக்குதாம். இல்லாட்டி ஊட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்களாம். இப்பிடியே வெச்சா புள்ள மூடிப்போயிடுமாம்."

கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வார்த்தை அறையில் நின்றது. நான் அப்பாவின் விரலைப் பிடித்தேன். அதில் கிரீஸ் வாசம். என் வாழ்க்கையில் நான் அப்படி எதையும் பிடித்ததில்லை.

அப்பா டீச்சரைப் பார்க்கவில்லை. தாத்தாவைப் பார்த்துச் சொன்னார்.

"வேணாம்மா. இங்கனயே இருக்கட்டும்." பிறகு, நிதானமாக: "இவ தம்பி பொறக்குறப்ப பெரியாஸ்பத்திரிக்கு இவ ஆத்தாளக் கூட்டியாந்தேன். என்னென்னமோ கேட்டாங்க. எங்க வலிக்குது, எப்ப இருந்து வலிக்குதுன்னு கேட்டிருப்பாங்க. நா ஓவ் ஓவ்ன்னு சொல்லிட்டு நின்னேன். புள்ள தங்கல. டீச்சரம்மாகிட்ட அதைச் சொல்லும்மா."

ஓயாத வாய்க்காரி, தாத்தா, அன்றைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பிறகு மெல்லச் சொன்னாள், மிகச் சில வார்த்தைகளில். டீச்சர் அனே என்று சொல்லவில்லை. எழுந்து வந்து என் பையை வாங்கி, முன் வரிசை மேசையில் வைத்தார்.

அப்பாவின் கணக்குத் தப்பென்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது என்பதை டாக்டரிடம் நான் சிங்களத்தில் சொன்னேன், பிசிறில்லாமல், இடது பக்கம், விலாவுக்குக் கீழே, மூச்சிழுக்கும்போது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார், உங்கள் ஊர் எது? ஆபீஸ் கதவுகளும் திறந்தன, முதலாளி சொன்னபடியே. எல்லாம் சரி. ஆனால் இந்த நாற்பது வருஷத்தில் நான் எந்த மொழியில் பேசினாலும் வாய்க்குள் ஒரு துணிக்கட்டு ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. தமிழில் பேசும்போது சிங்களம் பின்னால் நின்று கேட்கிறது. சிங்களத்தில் பேசும்போது யாரோ தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். இதை அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்திருப்பார்?

பகல் முழுக்க அப்பா போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்க மதிலோரம் உட்கார்ந்திருந்தார். முன் வரிசையிலிருந்து அவர் தலைமுடி தெரிந்தது, கேட் கம்பிகளுக்கு நடுவில். நான் திரும்பும்போதெல்லாம் அது அங்கே இருந்தது. டீச்சரும் அன்றைக்கு என்னை முன்னால் பார் என்று சொல்லவில்லை.

பள்ளி விட்டதும் பஸ் நிலையம் வரை நடந்தோம். தாத்தா கொஞ்சம் பின்னால் வந்தாள், வேண்டுமென்றே. அப்பா கடலை வாங்கிக் கொடுத்தார். சுருளைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தேன், சூடு ஆறுகிற வரை. மழை தூறியது. மேலே எங்கள் மலை எதுவென்று பார்த்தேன், மேகம் மூடியிருந்தது. ஹாலிஎல பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"மொதலாளியம்மா பேச்சக் கேட்டு நடந்துக்க. சாப்பாட்ட மிச்சம் வைக்காத. அம்மாட்ட என்ன சொல்ல?"

நான் கடலைச் சுருளின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நல்லாயிருக்கான்னு சொல்லிடவா?"

"நகின்ன, நகின்ன!" என்று நடத்துனர் தகரத்தைத் தட்டினார். ஏறச் சொல்கிறார். அப்பா மிதிபலகையில் ஒரு காலை வைத்தார்.

"எப்பா," என்றேன்.

கத்தவில்லை. 'ப்பா'வில் அழுத்தவும் இல்லை. டீச்சர் சொல்வது போல, வகுப்பில் எல்லோரும் சொல்வது போல, உரசிக்கொண்டு போகிற மாதிரிச் சொன்னேன்.

அப்பா திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பஸ் நகரத் தொடங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, நாற்காலிக்காரர்கள் முன்னால் நிற்கிற மாதிரி, மெதுவாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஓவ்," என்றார்.